கண்மாய்த் தொடரை உயிர்வலையாகத் திட்டமிடுதல்: வறண்ட மாவட்டங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ராமநாதபுரம் மாவட்டத்தின் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், மேலச்செல்வனூர்-கீழச்செல்வனூர், தேர்த்தங்கல், சக்கரக்கோட்டை ஆகிய பறவைகள் சரணாலயங்கள் ஐந்துமே நெல்லுக்காக வெட்டப்பட்ட பாசனக் கண்மாய்கள். இவற்றில் நான்கு இன்று, உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் இருக்கின்றன. சித்திரங்குடியும் காஞ்சிரங்குளமும் 2022இலும், சக்கரக்கோட்டையும் தேர்த்தங்கலும் 2025இலும் அறிவிக்கப்பட்டன. தேர்த்தங்கலின் பரப்பு 30 ஹெக்டேரைக்கூட எட்டாது. செல்வனூர்க் கண்மாயோ 590 ஹெக்டேருக்கு மேல். இந்தச் சீமையில் பெரியதோ சிறியதோ, எந்தக் கண்மாயும் தனியாக நிரம்புவதில்லை. மேலே ஒரு கண்மாய் நிரம்பி, அதன் கலுங்கில், அதாவது மிகைநீர் வழியும் இடத்தில், தண்ணீர் விழுந்து, மறுகாலாக வெளியேறி ஓடி, வரத்துக்கால் எனும் வரவு வாய்க்கால் வழியாக வந்து சேர்ந்தால்தான் கீழ்க் கண்மாய்க்கு வாழ்வு.

இருந்தும் திட்டங்கள் எல்லாம் ஒற்றைக் கண்மாயைப் பிடித்துக்கொண்டே வருகின்றன. நிதி வருகிறது, இயந்திரம் இறங்குகிறது, தூர்வாரப்படுகிறது, பலகை வைக்கப்படுகிறது. அடுத்த மழையில் அந்தக் கண்மாய்க்குத் தண்ணீர் வருவதில்லை, ஏனென்றால் மூன்று கிலோமீட்டர் மேலே வரத்துக்கால் ஒரு வீட்டுமனைக்குள் முடிந்துவிட்டது. ஆகவே திட்டத்தின் அலகு கண்மாய்த் தொடராகத்தான் இருக்க வேண்டும். வறண்ட நிலத்தில் நீரை நம்பிய உயிர்வலை, அதாவது உயிர்கள் வாழவும் இடம்பெயரவும் தேவையான நீர்நிலைகளின் பின்னல், வரைபடத்தில் மட்டும் இருப்பதில்லை, நாட்காட்டியிலும் இருக்கிறது. எந்தக் கண்மாய் எப்போது நிரம்பும், எது எப்போது வற்றும், கடைசியாக வற்றுவது எது என்பதைத் தீர்மானிப்பதே திட்டமிடலின் பெரும்பகுதி.

ஊராட்சிகள், பாசன விவசாயிகள் சங்கங்கள், தன்னார்வக் குழுக்கள், திட்டமிடல் படிக்கும் மாணவர்கள் ஆகியோரை மனத்தில் வைத்து இது எழுதப்பட்டது. உதாரணங்கள் ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர், மதுரை கிழக்குப் பகுதிகளைச் சேர்ந்தவை. வேலைக்கு ஒரு முழு ஆண்டு வேண்டும், ஏனென்றால் ஒரு மழைக்காலத்தையாவது கண்ணால் பார்க்காமல் திட்டம் எழுதக் கூடாது.

முதல் படி: எல்லையைக் கீழிருந்து வகுத்தல்

வழக்கமாக நீர்ப்பிடிப்பின் உச்சியிலிருந்து கீழே வருவார்கள். நான் பரிந்துரைப்பது நேர் எதிர். தொடரின் கடைசிக் கண்மாய்க்குப் போங்கள். "உங்களுக்குத் தண்ணீர் எங்கிருந்து வர வேண்டும்?" என்று கேளுங்கள். கடைமடைக்காரர்களுக்கு மேலே உள்ள ஒவ்வோர் அடைப்பும் மனப்பாடம். மேற்கண்மாய்க்காரர்களுக்குத் தங்கள் கலுங்குக்கு அப்பால் என்ன நடக்கிறது என்பதில் பெரும்பாலும் அக்கறை இருப்பதில்லை. வைகையே இதற்குப் பெரிய சாட்சி. 258 கிலோமீட்டர் ஓடிவரும் ஆறு, கடலுக்கு முன்பாக ராமநாதபுரம் பெரிய கண்மாயில் வந்து சேர்கிறது. வழிநெடுக எத்தனை ஊர்கள் கை வைத்தன என்பதை அந்தப் பெரிய கண்மாயின் விவசாயிகளிடம் கேட்டால் ஒரே மூச்சில் சொல்வார்கள்.

முதல் முயற்சிக்கு 8 முதல் 15 கண்மாய்கள் கொண்ட ஒரு கிளை போதும். அதற்கு மேல் போனால் ஊர்க்கூட்டம் நடத்தவே முடியாது. கண்மாய்களோடு ஏந்தல், தாங்கல் எனும் சிறு ஏரிகள், குடிநீர் ஊருணி, கோயில் தெப்பம், குட்டை எல்லாவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சிறியது என்று எதையும் விட்டுவிடாதீர்கள். காரணம் பின்னால் வரும்.

கணினியில் நிலமட்ட வரைபடத்தை ஏற்றி ஓடைகளைத் தானாக வரையவைக்கும் பழக்கம் இப்போது பரவலாகிவிட்டது. மலையோரத்தில் அது நன்றாக வேலை செய்யும். ராமநாதபுரத்தின் சமவெளியில் ஏமாற்றிவிடும். இலவசமாகக் கிடைக்கும் 30 மீட்டர் நிலமட்டத் தரவுகளில் உயரப் பிழை சில மீட்டர்கள் வரை இருக்கும். நம் கண்மாய்க் கரையின் உயரமே பல இடங்களில் மூன்று, நான்கு மீட்டர்தான். ஓரடி மட்ட வித்தியாசத்தை வைத்து மனிதர்கள் வெட்டிய வரத்துக்கால் அந்தத் தரவில் தெரியவே தெரியாது. கணினி வரைந்த ஓடையைச் சந்தேகத்துடன் பாருங்கள், ஊர்க்காரர் காட்டும் காலை நம்புங்கள்.

இரண்டாம் படி: ஆவணங்களைத் திரட்டுதல்

கிராம வரைபடம், ஒவ்வொரு புலத்தின் அளவுகளைக் காட்டும் புல வரைபடம், புல எண்வாரியாக நிலத்தின் வகையைச் சொல்லும் அ-பதிவேடு ஆகிய மூன்றும் அடிப்படை. இவற்றோடு ஜமீன் ஒழிப்புக்குப் பின் தயாரான பழைய நிலவரித் திட்டப் பதிவேட்டையும், 1980களின் நில உடைமைப் பதிவேடுகள் மேம்பாட்டுத் திட்டப் பதிவேட்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். பழையதில் "வாய்க்கால் புறம்போக்கு" என்று இருந்த புல எண் புதியதில் பட்டாவாக மாறியிருந்தால், உங்கள் வலையின் கிழிசல் எங்கே என்று அலுவலகத்தில் உட்கார்ந்தபடியே தெரிந்துவிடும்.

யாருடைய பொறுப்பு என்பதையும் இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு, அதாவது பாசனம் பெறும் நிலம், உள்ள கண்மாய்கள் நீர்வளத் துறையின் கீழும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்தின் கீழும் வரும். ஒரே தொடரில் இரண்டும் மாறி மாறி வருவதால், ஒருவர் சரிசெய்த கால் இன்னொருவர் எல்லையில் நின்றுபோகும். மாநிலத்தின் 39,000க்கும் மேற்பட்ட ஏரி, கண்மாய்களில் இந்தப் பிரிவினை சாதாரணம். நீர்வளத் துறைக் கண்மாய்களுக்குப் பழைய குறிப்பேடு இருக்கும். அதில் கொள்ளளவு, வயலுக்கு நீர் திறக்கும் மடையின் மட்டம், கலுங்கு மட்டம் எல்லாம் இருக்கும், கேட்டு வாங்குங்கள்.

மூன்றாம் படி: காலால் அளத்தல்

இரண்டு முறை நடக்க வேண்டும். ஒன்று, ஆவணி வறட்சியில், எல்லாம் வெறுமையாகத் தெரியும்போது. மற்றொன்று, ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் ஓடும்போது. முதல் நடையில் அடைப்பைப் பார்ப்பீர்கள், இரண்டாம் நடையில் தண்ணீர் அந்த அடைப்பை எப்படிச் சுற்றிப் போகிறது என்பதைப் பார்ப்பீர்கள்.

ஒவ்வொரு கண்மாயிலும் மூன்று மட்டங்களை அளந்தே ஆக வேண்டும்: மிகத் தாழ்ந்த மடையின் அடிமட்டம், கலுங்கின் தலைமட்டம், கரையின் தாழ்ந்த இடத்து மேல்மட்டம். பொறியாளரின் ஆட்டோ லெவல் கருவி கிடைத்தால் நல்லது. குறுகிய தூரத்துக்குக் கொத்தனார்கள் பயன்படுத்தும் டியூப் லெவலே போதும். இந்த மூன்று எண்களில் கண்மாயின் கதை முழுவதும் இருக்கிறது. மடை மட்டத்துக்குக் கீழே நிற்கும் நீரைப் பாசனத்துக்கு இறக்க முடியாது, அதுதான் மீனுக்கும் பறவைக்கும் மாட்டுக்கும் கோடைக் கையிருப்பு. மடைக்கும் கலுங்குக்கும் இடையில் நிற்பது விவசாயியின் பங்கு. கலுங்குக்கு மேலே வருவது கீழூரின் பங்கு.

கலுங்கைக் கூர்ந்து பாருங்கள். பழைய கலுங்குகளின் மேல் வரிசையாகக் கற்கள் நட்டிருப்பார்கள். மழைக்கால முடிவில் அந்தக் கல் இடுக்குகளை மண்ணும் புல்கட்டியும் வைத்து அடைத்து இன்னும் கொஞ்சம் தண்ணீர் தேக்குவது பழைய முறை. வெள்ளம் வந்தால் அந்த அடைப்பை எடுத்துவிடுவார்கள். இன்று பல இடங்களில் கற்கள் போய், நிரந்தரச் சிமெண்டுத் தடுப்பு வந்துவிட்டது. தலைமட்டத்தை இப்படி ஒரு முழம் உயர்த்தினால் மேலூருக்கு லாபம், கீழூர்க் கண்மாய் காய்ந்துபோகும். நேர்மாறான திருட்டும் உண்டு. கண்மாயின் உட்புற நீர்ப்பரப்பான உள்வாயை ஆக்கிரமித்துப் பயிரிட்டவர்கள், தங்கள் பயிர் மூழ்காமல் இருக்கக் கலுங்கை உடைத்துத் தாழ்த்திவிடுவார்கள். இரண்டையும் அளவோடு குறித்துக்கொள்ளுங்கள், அங்கேயே நின்று சண்டை போட வேண்டாம்.

சாலை கடக்கும் ஒவ்வோர் இடத்திலும் குழாய்ப்பாலத்தின் அடிமட்டத்தையும் காலின் அடிமட்டத்தையும் அளந்து ஒப்பிடுங்கள். பாலம் ஓரடி உயரமாக இருந்தால் அதற்கு மேற்புறம் ஒரு குட்டை உருவாகும், கீழ்ப்புறம் கால் செத்துவிடும். ஒரு தொடரை உடைக்கச் சாலை ஒன்று போதும்.

நான்காம் படி: நீர் நாட்காட்டி

இப்போதுதான் செயற்கைக்கோள் படம் உண்மையில் உதவிக்கு வருகிறது. சென்டினல்-2 படங்கள் 10 மீட்டர் நுணுக்கத்தில், சில நாட்களுக்கு ஒரு முறை, காசில்லாமல் கிடைக்கின்றன. லேண்ட்சாட் படங்களை வைத்தால் 1980களின் நடுப்பகுதி வரை பின்னோக்கிப் போகலாம். கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் பச்சை அலைவரிசையிலிருந்து அண்மை அகச்சிவப்பைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் நீர்ப்பரப்பு பளிச்சென்று பிரிந்து தெரியும். ஒவ்வொரு கண்மாய்க்கும் மாதம் ஒரு படம் வீதம் பத்து ஆண்டுகளுக்குச் செய்யுங்கள். நல்ல மழை ஆண்டு, நடுத்தர ஆண்டு, பஞ்ச ஆண்டு மூன்றும் அதில் இருக்க வேண்டும்.

இரண்டு எச்சரிக்கைகள். வடகிழக்குப் பருவமழை உச்சத்தில் இருக்கும் நவம்பரில் மேகம் மறைத்துவிடும், அந்த மாதத்துக்கு மேகத்தை ஊடுருவும் சென்டினல்-1 ரேடார் படத்தைப் பயன்படுத்துங்கள். மற்றது, சீமைக்கருவேலம் அடர்ந்த கண்மாயில் மரத்துக்கு அடியில் தண்ணீர் நின்றாலும் படத்தில் காடாகத்தான் தெரியும். "இந்தக் கண்மாய் பத்தாண்டாக நிரம்பவில்லை" என்று கணினி சொன்னதை அப்படியே அறிக்கையில் எழுதி, ஊர்க்கூட்டத்தில் வாங்கிக்கட்டிக்கொண்டவர்கள் உண்டு.

இந்த நாட்காட்டியிலிருந்து கண்மாய்களை மூன்று வகையாகப் பிரியுங்கள்: நடுத்தர ஆண்டில் ஒன்பது மாதங்களுக்கு மேல் ஏதாவது நீர் நிற்பவை, நான்கு முதல் எட்டு மாதம் நிற்பவை, மழைக்காலத்தோடு முடிபவை. முதல் வகை பெரும்பாலும் ஒன்றோ இரண்டோதான் இருக்கும், சில தொடர்களில் ஒன்றுகூட இருக்காது. அப்படி என்றால் ஒன்றை உருவாக்குவதே உங்கள் திட்டத்தின் முதல் இலக்கு.

ஐந்தாம் படி: எளிய நீர்க்கணக்கு

ஒரு கண்மாயின் நீர்ப்பரப்பு 20 ஹெக்டேர், சராசரி ஆழம் 1 மீட்டர் என்று வையுங்கள். கொள்ளளவு 2 லட்சம் கன மீட்டர். அதன் சொந்த நீர்ப்பிடிப்பு 3 சதுர கிலோமீட்டர். 60 மி.மீ. மழை பெய்து, அதில் 15 சதவீதம் ஓடிவந்தால் கிடைப்பது 27,000 கன மீட்டர். ஏழெட்டு முறை அப்படிப்பட்ட மழை பெய்ய வேண்டும் அது நிரம்ப. அதிலும் கரிசல் நிலத்தின் முதல் மழை முழுவதும் வெடிப்புகளுக்குள் போய்விடும். ஆண்டுக்கு 800 மி.மீ. சொச்சம் மழை பெய்கிற, அதிலும் பெரும்பகுதி மூன்று மாதத்துக்குள் கொட்டித் தீர்க்கிற மாவட்டத்தில் இந்த அதிர்ஷ்டத்தை ஆண்டுதோறும் எதிர்பார்க்க முடியாது. ஆகவே மேலிருந்து வரும் மறுகால் நீர்தான் கீழ்க் கண்மாயின் விதியைத் தீர்மானிக்கிறது.

இனி இழப்பு. நாளொன்றுக்கு 5 மி.மீ. ஆவியாகிறது என்று கொண்டால், மடையைத் திறக்காமலே நூறு நாளில் அரை மீட்டர் போய்விடும். மேற்சொன்ன கண்மாயில் அது பாதித் தண்ணீர். கோடைப் புகலிடம் வேண்டுமானால் பரந்த ஆழமற்ற நீரை நம்பக் கூடாது. மடை மட்டத்துக்குக் கீழே, மொத்தப் பரப்பில் இருபதில் ஒரு பங்கு, அதாவது இங்கே 1 ஹெக்டேர், 2 மீட்டர் ஆழத்துக்கு இருந்தால், பிப்ரவரி முதல் செப்டம்பர் வரையான எட்டு மாத ஆவியாதலில் 1.3 மீட்டர் போனாலும் அடியில் கொஞ்சம் மிஞ்சும். கசிவையும் இதில் சேர்க்க வேண்டும், களிமண் தரையாக இருந்தால்தான் இந்தக் கணக்கு நிற்கும்.

முக்கியமான தடை: ராமநாதபுரத்தின் பல இடங்களில் களிக்கு அடியில் உவர் நீர் இருக்கிறது. இயந்திரம் இருக்கிறதே என்று தோண்டி அந்தக் களிப்படலத்தைக் கிழித்துவிட்டால் நல்ல தண்ணீர் கீழே இறங்கும், அல்லது உப்பு மேலே வரும். குழி வெட்டும் முன் நான்கைந்து இடங்களில் துளையிட்டுக் களியின் தடிமனைப் பாருங்கள்.

ஆறாம் படி: வலை யாருக்காக?

"பல்லுயிர்ப் பாதுகாப்பு" என்று பொதுவாக எழுதினால் எந்த முடிவும் எடுக்க முடியாது. ஐந்து உயிர்க்குழுக்களைத் தேர்ந்தெடுத்து ஒவ்வொன்றும் கேட்பதை எழுதுங்கள்.

கூட்டமாகக் கூடுகட்டும் கூழைக்கடா, சங்குவளை நாரை, நத்தைக்குத்தி நாரை போன்றவை தண்ணீருக்குள் நிற்கும் நாட்டுக் கருவேல மரங்களைத் தேடுகின்றன. மரத்தடியில் தண்ணீர் நிற்கும்வரைதான் நாயும் நரியும் அண்டாது. நவம்பர், டிசம்பரில் தொடங்கும் கூடு, குஞ்சு பறக்க மார்ச், ஏப்ரல் ஆகிவிடும். ஆனால் நெல்லுக்குக் கடைசித் தண்ணீர் தேவைப்படுவது ஜனவரி, பிப்ரவரியில். இந்த இரண்டு தேதிகளும் மோதும் இடத்தில்தான் உங்கள் திட்டம் வெல்லும் அல்லது தோற்கும், அதைப் பத்தாம் படியில் பேசுவோம்.

நாரைகள் நடந்து மீன் பிடிப்பதால் முழங்கால் ஆழத்துக்கும் குறைந்த நீர் வேண்டும். உள்ளான், ஆள்காட்டி வகைகளுக்கு வற்றும் கண்மாயின் ஈரச்சேறே விருந்து. வாத்துகளுக்குத் திறந்த நீரும் அல்லி, கோரை ஓரமும் வேண்டும். எனவே கண்மாய்கள் ஒன்றன்பின் ஒன்றாக வற்ற வேண்டும். எல்லாக் கண்மாய்களையும் ஒரே ஆழத்துக்குத் தொட்டிபோல் வெட்டிவிட்டால், தண்ணீர் இருந்தும் நாரைக்கு நிற்க இடமில்லாமல் போகும்.

மீன்களைத் திட்டக்காரர்கள் அடிக்கடி மறந்துவிடுகிறார்கள். புதுவெள்ளத்தில் நீரோட்டத்தை எதிர்த்து ஏறும் ஏற்றுமீனை ஊரில் எல்லோரும் பார்த்திருப்பார்கள், பலர் கலுங்கடியில் கூடை வைத்துப் பிடித்தும் இருப்பார்கள். விராலும் கெளுத்தியும் காற்றைச் சுவாசித்துச் சேற்றிலும் சில காலம் தாக்குப்பிடிக்கும். கெண்டை வகைகளால் அது முடியாது, அவற்றுக்கு நீர் நிற்கும் குழி வேண்டும். கடைசியாகத் தவளைகளும் ஆமைகளும். இவை பறக்காதவை, ஆகவே காலின் கரையில் நிழலும் ஈரமும் இருந்தால்தான் ஒரு நீர்நிலையிலிருந்து அடுத்ததற்குப் போகும்.

ஏழாம் படி: வலையை வரைதல்

நாட்காட்டியில் முதல் வகையில் வந்த கண்மாய்களும் கூடுகட்டும் மரங்கள் உள்ளவையும் மூல வாழிடங்கள். வரத்துக்கால், மறுகால், ஓடை ஆகியவை இணைப்புப் பாதைகள். ஊருணிகளும் குட்டைகளும் இடைத்தங்கல்கள். குடிநீருக்காக ஊர் கட்டிக்காத்த ஊருணியில், பாசனத்துக்கு மடை இல்லாததால், கண்மாய் வற்றிய பின்னும் தண்ணீர் நிற்கும். கோடையில் தவளைக்கும் ஆமைக்கும் அதுவே அடைக்கலம். சிறியதை விடாதீர்கள் என்று சொன்னது இதனால்தான்.

பிறகு நிலத்தின் தடைமதிப்பு, அதாவது அந்த நிலத்தைக் கடப்பது ஓர் உயிருக்கு எவ்வளவு கடினம் என்பதைக் காட்டும் எண். தவளை, ஆமை போன்றவற்றுக்கு நீர் ஓடும் காலுக்கு 1, நஞ்சைக்கு 2, பனை வரிசை உள்ள வரப்புக்கு 3, புஞ்சைக்கு 5, தரையில் புல்லே முளைக்காத சீமைக்கருவேல அடர்வுக்கு 8, நான்குவழிச் சாலைக்கு 50, நகரத்துக்கு 100 என்று வைத்துத் தொடங்கலாம். இவை நீங்கள் விவாதித்து மாற்ற வேண்டிய எண்கள். மென்பொருள் இரண்டு மூலங்களுக்கு இடையே மிகக் குறைந்த செலவுள்ள பாதையை வரைந்து தரும். பறவைகளுக்கு இதே வரைபடத்தைப் பயன்படுத்தாதீர்கள். அவற்றுக்குத் தூரமும், அந்த மாதத்தில் எங்கே ஆழமற்ற நீர் இருக்கிறது என்பதும்தான் கணக்கு. எனவே மாதத்துக்கு ஒரு வரைபடம் வேண்டும். நவம்பர் வரைபடத்தில் எல்லாம் இணைந்திருக்கும், மே வரைபடத்தில் இரண்டு புள்ளிகள் மட்டும் மிஞ்சும். முதலீட்டைத் தீர்மானிக்க வேண்டியது மே வரைபடம்.

ஒரு சோதனை, இதற்குக் கணினிகூட வேண்டாம். வரைபடத்தில் ஒவ்வொரு கண்மாயையும் காலையும் விரலால் மறைத்துப் பாருங்கள். எதை மறைத்தால் வலை இரண்டாகப் பிரிகிறதோ, அதுவே முதலில் காக்க வேண்டிய இடம். பல தொடர்களில் அது யாரும் பெயர்கூடச் சொல்லாத ஒரு சின்னத் தாங்கலாகவோ அரைக் கிலோமீட்டர் காலாகவோ இருக்கும்.

எட்டாம் படி: கண்மாயைச் சுற்றி அடுக்குகள்

இங்கே இலங்கையின் உலர்வலயத்திடம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. அனுராதபுரம் பக்கத்துக் குளத்தொடர்களை ஐ.நா. உணவு, வேளாண்மை அமைப்பு உலக வேளாண் மரபாக அங்கீகரித்திருக்கிறது. அங்கே குளம் என்றால் வெறும் கரையும் தண்ணீரும் கிடையாது. குளத்தின் தலைப்பகுதியில் காற்றைத் தடுத்து ஆவியாதலைக் குறைக்கும் மரக்கூட்டம், அதை "கஸ்கொம்மன" என்பார்கள். அதற்குக் கீழே வண்டலை வடிகட்டும் புல்வெளி "பெரஹன". நீர் நுழையும் முன் மண் படிய ஒரு சிறு குழி "கொடவல", மாடும் காட்டு விலங்கும் அதில் தண்ணீர் குடிக்கும். கரைக்கும் வயலுக்கும் இடையே கசிவு நீரின் உப்பை உறிஞ்சும் மரச்செறிவு "கட்டகடுவ". காட்டுக்குள் விலங்குகளுக்கென்றே விடப்பட்ட சிறு குளம் "குளுவெவ".

நம் கண்மாய்களில் இவற்றில் பாதி ஒரு காலத்தில் இருந்திருக்கும், அந்த இடம் இன்று ஆக்கிரமிப்பு. முழுவதையும் மீட்க முடியாவிட்டாலும் மூன்றைச் செய்யலாம். உள்வாயின் மேல் எல்லையில் கோரையும் வெட்டிவேரும் கொண்ட இருபது, முப்பது மீட்டர் பட்டை. வரத்துக்கால் கண்மாய்க்குள் நுழையும் வாயில் ஒரு வண்டல் குழி, அதைத் தூர்வாருவது கண்மாயைத் தூர்வாருவதைவிடப் பலமடங்கு மலிவு. கரையின் வெளிச்சரிவுக்கு அப்பால் புங்கன், நீர்மருது, நொச்சி. கரையின் மேலேயே பெருமரம் நட்டால் வேர் கரையைத் துளைக்கும் என்று பொறியாளர்கள் சொல்வது சரிதான். பனையை மட்டும் கரையோரத்தில் வைக்கலாம், ஊர் வைத்த மரபும் அதுவே.

ஒன்பதாம் படி: வேலைகளின் வரிசை

தூர்வாருவதில் தொடங்காதீர்கள். முதலில் கலுங்குகளை ஆவணப்படியான மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள், மேலிருந்து கீழாக. அடுத்து கால்களைத் திறவுங்கள், கீழிருந்து மேலாக, இல்லையென்றால் மேலே திறந்த வெள்ளம் கீழே ஏதோ ஓர் ஊருக்குள் புகும். மூன்றாவது, மடைகளின் கசிவை அடையுங்கள். ராஜசிங்கமங்கலம் கண்மாயை "நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை" என்று சொல்வார்கள். அத்தனை மடை உள்ள கண்மாயில் ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கசிந்தாலே கோடைக் கையிருப்பு காலி.

கலுங்கின் கீழ்ப்புறம் செங்குத்தாக இருந்தால், அதன் ஒரு ஓரத்தில் மட்டும் கரடுமுரடான கற்களைப் பதித்துச் சாய்தளம் அமையுங்கள். சரிவு பத்துக்கு ஒன்றைவிட மிதமாக இருக்கட்டும். ஏற்றுமீனுக்கு அதுவே படிக்கட்டு. செலவு சில லோடு கல்.

இதற்கெல்லாம் பிறகுதான் தூர்வாருதல், அதுவும் பகுதி பகுதியாக. புகலிடக் குழியை மடைக்கு அருகே ஆழமான பக்கத்தில் வெட்டுங்கள், உள்வாய் ஓரத்தின் மெதுவான சரிவைத் தொடாதீர்கள். எடுக்கும் வண்டலை அனுமதி பெற்று ஆயக்கட்டு வயல்களுக்கே கொடுங்கள். அல்லது ஒரு பகுதியைக் கண்மாய்க்குள்ளேயே மேடாக்கி நாட்டுக் கருவேலம் நடுங்கள், கூட்டுக்கு ஆகும். கரையிலிருந்து சாலைபோல் மண் கொட்டி மேட்டை இணைத்துவிட்டால் நாயும் அதே வழியில் போகும், ஆகவே மேடு தீவாகவே இருக்கட்டும்.

சீமைக்கருவேலத்தைப் பற்றி ஒரு சொல். அகற்ற வேண்டியதுதான், நீதிமன்றமும் அப்படியே சொன்னது. ஆனால் ஒரே கோடையில் முழுக் கண்மாயையும் மொட்டையடித்தால், அந்த ஆண்டு பறவைக்குக் கூடு இல்லை, கமுதி, முதுகுளத்தூர்ப் பக்கத்தில் கரிமூட்டத்தை நம்பிய குடும்பங்களுக்குக் கூலி இல்லை, அடுத்த மழையில் வெட்டிய அடியிலிருந்து மீண்டும் தழைத்துவிடும். குஞ்சுகள் பறந்த பின், மே முதல் ஆகஸ்ட் வரை, வேரோடு, ஆண்டுக்கு நான்கில் ஒரு பங்கு என்று எடுங்கள். கால்களில் உள்ளதை முதலில் எடுங்கள். சமூகக் காடுகள் திட்டத்தில் நட்ட நாட்டுக் கருவேலங்களை ஏலம் விடும்போதும் இதே கணக்கு, கூடு உள்ள தோப்பைக் கோடரிக்குக் கொடுக்கக் கூடாது.

பத்தாம் படி: ஊர்களின் ஒப்பந்தம்

காகிதத்தில் எல்லாம் முடிந்தாலும், மடையைத் திறப்பவர் ஒத்துக்கொள்ளாவிட்டால் ஒன்றும் நடக்காது. மடை திறந்து நீர் பங்கிடும் நீர்பாய்ச்சி இன்னும் இருக்கும் ஊர்களில் அவரையே முதல் பேச்சாளராக வையுங்கள். கண்மாயைப் பற்றி அவரைவிடத் தெரிந்தவர் இருக்க மாட்டார். எந்த அளவுக்குத் தண்ணீர் இறங்கினால் மடையை அடைப்பது என்பதை மடைக்கல்லில் வண்ணக் கோடாக வரைந்துவிடுங்கள். அந்தக் கோட்டை எல்லாக் கண்மாய்களிலும் வரைய வேண்டாம். கூடு உள்ள கண்மாயிலும் கோடைப் புகலிடக் கண்மாயிலும் மட்டும் போதும். மற்றக் கண்மாய்களை விவசாயி கடைசிச் சொட்டு வரை பயன்படுத்தட்டும். அவை வற்றுவதும் சேற்றுப் பறவைகளுக்குத் தேவை. கூடு உள்ள கண்மாயின் ஆயக்கட்டுக்காரர்கள் இழக்கும் கடைசித் தண்ணீருக்கு ஈடு பேசியாக வேண்டும். குறைந்த வயதுள்ள நெல்ரகம், சீக்கிரம் விதைக்க உதவி, வண்டலில் முன்னுரிமை, இப்படி ஊருக்கு ஏற்றபடி.

மீன் பிடிக்கும் உரிமைக்கான மீன்பாசி ஏலத்தின் நிபந்தனைகளைப் படித்துப் பாருங்கள். குத்தகைக்காரர் கடைசியில் மோட்டார் வைத்துக் குழியை இறைத்து மீனை அள்ளுவார், இருந்த புகலிடம் அன்றோடு முடிந்தது. "குழியை இறைக்கக் கூடாது, தடை செய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தியை விடக் கூடாது" என்ற இரண்டு வரிகளை ஏல அறிவிப்பிலேயே சேர்க்க கிராம சபையில் தீர்மானம் போடுங்கள்.

ஊர் மனம் வைத்தால் என்ன நடக்கும் என்பதற்குச் சிவகங்கை மாவட்டத்தின் வேட்டங்குடி இருக்கிறது. கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. மதுரை மாவட்டத்து மேலூர் அருகே அரிட்டாபட்டி 2022இல் மாநிலத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமானதும் ஊர் மக்கள் தங்கள் மலையையும் நீர்நிலைகளையும் விட்டுக்கொடுக்காமல் இருந்ததால்தான்.

சட்டத்தைப் பொறுத்தவரை, ஆக்கிரமிப்புக்கு 2007ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. 2017ஆம் ஆண்டின் மத்திய அரசு ஈரநில விதிகளை நம்பிவிடாதீர்கள், பாசனத்துக்காக மனிதர் வெட்டிய நீர்நிலைகள் அதன் வரையறைக்கு வெளியே நிற்கின்றன. நம்முடைய கண்மாய்கள் பெரும்பாலும் அப்படிப்பட்டவை, ராம்சர் பட்டியலில் உள்ளவற்றுக்கு அந்த விதிகள் பொருந்தும்.

கண்காணிப்புக்கு அதிகம் தேவையில்லை. ஒவ்வொரு கண்மாயிலும் ஓர் அளவுகோல், வாரம் ஒரு முறை அதைப் பார்த்து எழுத ஒரு பள்ளி மாணவர், மறுகால் விழுந்த தேதி, ஜனவரியில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு, மே மாதத்தில் குழிகளில் மிஞ்சிய ஆழம். முதல் மூன்று ஆண்டுகளுக்கு இந்த எண்களைப் பொது இடத்தில் எழுதிப் போடுங்கள். மேலூர்க் கலுங்கில் விழுந்த தேதியும் கீழூர்க் கண்மாய்க்கு வந்த தேதியும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், இடையில் எங்கே தண்ணீர் போனது என்று ஊரே கேட்கும்.

பஞ்ச ஆண்டுக்கான விதியை நல்ல மழை ஆண்டிலேயே எழுதிவிடுங்கள், வறட்சி வந்த பிறகு யாரும் கையெழுத்துப் போட மாட்டார்கள். டிசம்பர் 15க்குள் தொடரின் பாதிக் கண்மாய்களில் மறுகால் விழாவிட்டால் அது பஞ்ச ஆண்டு என்று வைத்துக்கொள்ளலாம். அந்த ஆண்டில் கிடைத்த நீரைப் பத்துக் கண்மாய்களில் மெல்லியதாகப் பரப்பி ஆவியாக விடாமல், முதலில் குடிநீர் ஊருணிகளுக்கும் அடுத்து புகலிடக் கண்மாய்க்கும் நேராக இறக்க வேண்டும். இடைக் கண்மாய்களின் மடைகளை அந்த ஓட்டத்தின்போது அடைத்து வைக்க எந்தெந்த ஊர் எத்தனை ஆள் அனுப்பும் என்பதுவரை அந்தத் தாளில் எழுதி, நீர்பாய்ச்சிகள் அனைவரிடமும் ஒவ்வொரு படி இருக்கட்டும்.